லெபனானில் எல்லோரும் கேட்பது ஒற்றுமையைத்தான். அப்புறம் எங்கே சிக்கல்?

2025 ஆகஸ்ட் 5 அன்று லெபனான் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. நாட்டில் ஆயுதம் அரசின் கையில் மட்டுமே இருக்க வேண்டும், அதற்கான திட்டத்தை ராணுவம் தயாரித்துத் தர வேண்டும் என்பது முடிவு. ஷியா கட்சியும் ஆயுத அமைப்புமான ஹிஸ்புல்லாவின் ஆயுதங்களை மனத்தில் வைத்துதான் இதைச் செய்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அந்த வாரக் கூட்டங்களில் ஷியா அமைச்சர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அப்படி ஒரு முடிவே இல்லை என்பதுபோல் நடந்துகொள்வோம் என்றது ஹிஸ்புல்லா.

செய்தி படிப்பவருக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தேசத்தின் ஒற்றுமைக்காகத்தான் இந்த முடிவு என்கிறது அரசு. தேசத்தின் ஒற்றுமைக்கே இதனால் ஆபத்து என்கிறது எதிர்த்தரப்பு. மதப்பிரிவினை கூடாது என்று இருவருமே சொல்கிறார்கள். இவர்களில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டால் விஷயம் பிடிபடாது. லெபனானில் ஒற்றுமை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, ஒன்று மற்றொன்றின் காலை வாரிவிடும். இந்த நிலை எப்படி வந்தது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் நான்கு சொற்கள்

1. தாயிஃபா: மதப்பிரிவு. அரசு அங்கீகரித்தவை 18. மரோனைட் (கத்தோலிக்கக் கிறிஸ்தவர்), கிரேக்க ஆர்த்தடாக்ஸ், சுன்னி, ஷியா, துரூஸ், அர்மீனியர், அலவி என்று பட்டியல் நீளும். மாதா கோயில் பக்கமோ பள்ளிவாசல் பக்கமோ தலைவைத்துப் படுக்காத நாத்திகருக்கும் பிறக்கும்போதே ஒரு தாயிஃபா எழுதப்பட்டுவிடும். கல்யாணம், விவாகரத்து, சொத்துப் பங்கீடு எல்லாம் அந்தத் தாயிஃபாவின் சட்டப்படிதான். எல்லோருக்கும் பொதுவான திருமணச் சட்டம் அங்கே கிடையாது. பதிவுத் திருமணம் வேண்டும் என்கிற ஜோடிகள் பக்கத்துத் தீவான சைப்ரஸுக்குப் போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள். அதை மட்டும் லெபனான் அரசு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

2. தாயிஃபிய்யா: பதவியையும் வேலையையும் பிரிவுவாரியாகப் பங்கிடும் முறை. பிரிவு வெறியைக் குறிக்கவும் இதே சொல்தான். ‘தாயிஃபிய்யா ஒழிக’ என்று எல்லாக் கட்சியும் கோஷம் போட முடிவதற்கு இந்த இரட்டைப் பொருள் வசதியாக இருக்கிறது. வெறியைத் திட்டிக்கொண்டே பங்கீட்டை வைத்துக்கொள்ளலாம்.

3. ஸயீம்: ஒரு பிரிவின் பெரிய தலை. பரம்பரைக் குடும்பத்து வாரிசாக இருப்பார், அல்லது போர்க்காலத்தில் ஆயுதப்படை நடத்தியவராக இருப்பார். ஆஸ்பத்திரியில் படுக்கை, பிள்ளைக்குப் பள்ளியில் இடம், அரசு வேலை எதுவானாலும் அவர் சிபாரிசு வேண்டும். அந்தச் சிபாரிசுக்கு ‘வாஸ்தா’ என்று பெயர்.

4. சில்ம் அஹ்லி: உள்நாட்டு அமைதி. உள்நாட்டுப் போருக்கு எதிர்ச்சொல். ஒரு தலைவர் ‘சில்ம் அஹ்லிக்கு ஆபத்து’ என்று மேடையில் சொன்னால் அதில் பாதி வேண்டுகோள், பாதி மிரட்டல்.

ஒரு கணக்கெடுப்பு, ஒரு வாய்ப்பேச்சு

1920-ல் பிரெஞ்சுத் தளபதி கூரோ, பிரெஞ்சு ஆட்சியின்கீழ் ‘பெரிய லெபனான்’ என்ற நாட்டை அறிவித்தார். 1932-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. கிறிஸ்தவர்கள் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை அங்கே அதிகாரபூர்வமான கணக்கெடுப்பே கிடையாது. யார் எத்தனை பேர் என்று எண்ணினால் யாருக்கு எத்தனை பங்கு என்ற கேள்வி வரும். அதனால் யாரும் எண்ணுவதில்லை.

1943-ல் விடுதலை நெருங்கிய நேரம். மரோனைட் தலைவர் பிஷாரா அல்-கூரியும் சுன்னி தலைவர் ரியாத் அஸ்-சுல்ஹும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதைத் தேசிய உடன்படிக்கை என்கிறார்கள். இது எழுதி வைக்கப்படவில்லை, வெறும் வாய்ப்பேச்சு. குடியரசுத் தலைவர் மரோனைட், பிரதமர் சுன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா என்பது அதிலிருந்து வேரூன்றிய வழக்கம். உறுப்பினர்கள் 6 கிறிஸ்தவர்களுக்கு 5 முஸ்லிம்கள் என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பழைய லெபனான் நாடாளுமன்றங்களின் இட எண்ணிக்கையைப் பார்த்தால் இது தெரியும்: 55, 77, 44, 66, 99. எல்லாம் பதினொன்றாம் வாய்ப்பாடு.

பதிலுக்கு இரு தரப்பும் ஒவ்வொன்றை விட்டுக்கொடுத்தன. கிறிஸ்தவர்கள் பிரான்சின் நிழலைத் தேட மாட்டார்கள், முஸ்லிம்கள் சிரியாவோடு சேரக் கேட்க மாட்டார்கள். 1949-ல் ஜார்ஜ் நக்காஷ் என்ற பத்திரிகையாளர் இதைப் பற்றி, இரண்டு மறுப்புகள் சேர்ந்து ஒரு தேசம் ஆகிவிடாது என்று எழுதினார். அவரைச் சிறையில் போட்டார்கள்.

தனித்தொகுதி மாதிரிதான், ஆனால் நாடு முழுக்க

தேர்தல் முறையை நம்மூர் தனித்தொகுதியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தனித்தொகுதியில் நிற்பவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஓட்டை எல்லோரும் போடலாம். லெபனானில் நாடாளுமன்றத்தின் எல்லா இடங்களுமே இப்படித்தான். இன்றைய 128 இடங்களில் மரோனைட்டுக்கு 34, சுன்னிக்கு 27, ஷியாவுக்கு 27, கிரேக்க ஆர்த்தடாக்ஸுக்கு 14, துரூஸுக்கு 8, இப்படியே இறங்கி அலவிக்கு 2, கடைசியில் ஒற்றை இடம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். பொதுத்தொகுதி என்று ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் குடியிருக்கும் இடத்தில் ஓட்டுப் போட முடியாது, குடும்பப் பதிவு இருக்கும் பூர்வீக ஊரில்தான் போட வேண்டும். தாத்தா காலத்திலேயே பெய்ரூட்டுக்கு வந்துவிட்டவரும் தேர்தலன்று கிராமத்துக்குக் கிளம்புவார். பெய்ரூட்டின் ஒரே மாடிக் கட்டடத்தில் மேல்வீடும் கீழ்வீடும் தண்ணீர் வரவில்லை, கரண்ட் இல்லை என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். ஆனால் அதற்காக ஒரே வேட்பாளரைக் கேள்வி கேட்க அவர்களுக்கு வழி இல்லை.

1975: அட்டையில் இருந்த ஒரு வரி

1975 ஏப்ரல் 13, கிழக்கு பெய்ரூட்டின் அய்ன் அர்ரும்மானே பகுதி. காலையில் ஒரு மாதா கோயில் வாசலில் துப்பாக்கிச் சூடு, மரோனைட் கட்சியான ஃபலாஞ்சியர் தரப்பில் சாவு. சில மணி நேரத்தில் அந்த வழியே வந்த பேருந்தை மறித்து, அதிலிருந்த பாலஸ்தீனர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். 15 ஆண்டுப் போர் இங்கிருந்துதான் எண்ணப்படுகிறது.

அப்போது லெபனான் அடையாள அட்டையில் மதப்பிரிவு அச்சாகியிருந்தது. 1975 டிசம்பர் 6, ‘கறுப்புச் சனி’. சாலைத் தடுப்புகளில் வண்டிகளை நிறுத்தி, அட்டையை வாங்கி அந்த ஒரு வரியைப் பார்த்து, மனிதர்களை இறக்கிக் கொன்றார்கள். செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். அட்டை இல்லாதவர்களுக்கு வேறு சோதனை இருந்ததாக அந்தத் தலைமுறையினர் சொல்வார்கள். தக்காளியைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். லெபனான்காரர் நாக்கில் அது ‘பனதூரா’, பாலஸ்தீனர் நாக்கில் ‘பந்தோரா’. நடுவில் ஒரு உயிரெழுத்து விழுந்தால் உயிர் போகும்.

அன்று ஒற்றுமை பேசியவர்களும் இருந்தார்கள். முதல் ஆளாகச் சொல்ல வேண்டியது ஷியா மதகுரு மூசா அஸ்-ஸத்ரை. 1975 ஜூன் இறுதியில், போரை நிறுத்தக் கேட்டு பெய்ரூட் பள்ளிவாசல் ஒன்றில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். எல்லாப் பிரிவினரும் வந்து பார்த்தார்கள். அது முடிந்த கையோடு பெக்கா பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே தேர் அல்-அஹ்மர், அல்-காஆ போன்ற கிறிஸ்தவ ஊர்களை ஷியா ஆயுததாரிகள் முற்றுகையிட்டிருந்தார்கள். அந்த ஊர்கள்மேல் பாயும் குண்டு என் வீட்டின்மேல், என் பிள்ளைகள்மேல் பாய்கிற குண்டு என்று தன் ஆட்களிடமே பேசி முற்றுகையை விலக்கச் செய்தார்.

கதை அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே ஜூலை மாதத் தொடக்கத்தில் பால்பெக் அருகே ஒரு பயிற்சி முகாமில் கண்ணிவெடி தவறி வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் செத்தார்கள். ‘அமல்’ என்ற ஷியா ஆயுத அமைப்பு இருப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அதை உருவாக்கியவர் மூசா அஸ்-ஸத்ர். இதைப் பித்தலாட்டம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அரசு காப்பாற்றும் என்ற நம்பிக்கை போன இடத்தில் ஒரே மனிதர் ஒரு கையால் அடுத்த பிரிவின் ஊரைக் காத்தார், இன்னொரு கையால் தன் பிரிவுக்கு ஆயுதம் கொடுத்தார். 1978-ல் லிபியா போனவர் திரும்பவில்லை. அமல் இன்றும் இருக்கிறது, நாடாளுமன்றத் தலைவர் பதவி 1992 முதல் அதன் தலைவரிடம்.

‘மதப் போர்’ என்ற கணக்கு உதைக்கும் இடங்கள்

கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அடித்துக்கொண்ட போர் என்று ஒரு வரியில் எழுதிவிடுவது வழக்கம். கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

1. 1978 ஜூன், எஹ்தன்: முன்னாள் குடியரசுத் தலைவரின் மகன் டோனி ஃபிராஞ்சியே, மனைவியோடும் சின்ன மகளோடும் வீட்டில் கொல்லப்பட்டார். கொன்றவர்களும் மரோனைட், செத்தவர்களும் மரோனைட்.
2. 1985 முதல் 1988 வரை, முகாம்களின் போர்: அமல் பாலஸ்தீன முகாம்களை முற்றுகையிட்டது. முஸ்லிமை முஸ்லிம் பட்டினி போட்டார்.
3. 1988 முதல் 1990 வரை: அமலும் ஹிஸ்புல்லாவும் மோதிக்கொண்டன. இரண்டுமே ஷியா. இதற்கு மக்கள் வைத்த பெயர் ‘சகோதரர் போர்’.
4. 1990 தொடக்கம்: தளபதி மிஷெல் அவுனின் ராணுவமும், ‘லெபனான் படைகள்’ என்ற சமீர் ஜாஜாவின் ஆயுதக் குழுவும் கிழக்கு பெய்ரூட்டைக் குண்டுவீசிப் பாழாக்கின. இரண்டு பக்கமும் மரோனைட் தலைமை.

ஒவ்வொரு ஆயுதப்படையும் அடுத்த பிரிவை எதிர்த்ததோடு நிற்கவில்லை. தன் பிரிவுக்குள் தானே ஏகபோகமாக இருக்கவும் சண்டை போட்டது. ‘நம் ஆட்களைக் காக்க’ என்ற பேச்சுக்கு முதல் பலி பல நேரம் நம் ஆட்களே.

போருக்குள் பிளக்காமல் நின்றவை

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம், ஏனென்றால் இங்கே மேடைப்பேச்சைவிட நம்பத்தகுந்த ஒற்றுமை கிடைக்கிறது.

போரின் முதல் ஆண்டுகளில் லெபனான் வானொலியில் ஷரீஃப் அல்-அக்கவி என்ற அறிவிப்பாளர் இருந்தார். எந்தச் சாலையில் தடுப்பு இருக்கிறது, எந்த முனையில் மறைந்திருந்து சுடுகிறார்கள் என்று விசாரித்துச் சொல்வதுதான் அவர் வேலை. ‘சாலிகா, ஆமினா’ என்றால் வழி திறந்திருக்கிறது, பத்திரம். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வந்த பிறகுதான் வண்டியை எடுத்தார்கள், கிறிஸ்தவர்கள் அதிகமிருந்த கிழக்கு பெய்ரூட்டிலும் முஸ்லிம்கள் அதிகமிருந்த மேற்கிலும். கேட்பவர் எந்தப் பிரிவு என்று சாலை நிலவரம் பார்ப்பதில்லை.

‘பச்சைக் கோடு’ என்ற போர் எல்லையால் நகரம் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்து கிடந்தபோதும் நாணயமான லிரா ஒன்றாகவே இருந்தது. மத்திய வங்கி இரண்டு பக்கத்து அரசு ஊழியர்களுக்கும் சம்பளப் பணம் கொடுத்தது. ராணுவம் உடைந்தது, அமைச்சரவை உடைந்தது, லிரா உடையவில்லை. சுமார் 286 டன் தங்கக் கையிருப்பை யாரும் விற்றுத் தின்றுவிடாமல் 1986-ல் சட்டமே போட்டார்கள். லெபனான் செஞ்சிலுவைச் சங்கமும் இரண்டாகப் பிரியவில்லை. அதன் ஆம்புலன்ஸ்கள் கோட்டைக் கடந்து போய்வந்தன.

அப்புறம் அந்த லிராவே விழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் டாலருக்கு 5 லிராவுக்கும் கீழே இருந்தது, 1987 இறுதியில் 400-ஐத் தாண்டியது. ரொட்டி விலைக்குத் தாயிஃபா தெரியாது. அந்த ஆண்டு நவம்பரில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு பொதுவேலைநிறுத்தம் அறிவித்தது. கிழக்கிலிருந்து ஒரு கூட்டமும் மேற்கிலிருந்து ஒரு கூட்டமும் அருங்காட்சியகக் கடவுக்கு நடந்துவந்து சந்தித்தன. நகரத்தைப் பிரித்த தடுப்புகளைக் கைகளால் அகற்றின. சில நாளில் தடுப்புகள் திரும்ப வந்துவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு கூட்டம், காணாமல்போனவர்களின் குடும்பங்கள். 1982-ல் கணவர் பிடித்துச் செல்லப்பட்ட பிறகு வதாத் ஹல்வானி என்ற ஆசிரியை, தன்னைப்போல் ஆள் தேடுபவர்கள் வாருங்கள் என்று வானொலியில் கூப்பிட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தார்கள், எல்லாப் பிரிவிலிருந்தும். போரில் காணாமல்போனவர்கள் 17,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அந்தப் பெண்கள் விடாமல் நின்றதில், 2018 நவம்பரில் 105-ஆம் எண் சட்டம் வந்து தேடுதலுக்கான தேசிய ஆணையம் உருவானது. 36 ஆண்டு.

சம்பளம், ரொட்டி, பிள்ளை எங்கே என்ற கேள்வி. இவர்களில் யாரும் ‘நாம் அனைவரும் ஒன்று’ என்று தொடங்கவில்லை. ஒரே நட்டத்தை எல்லோரும் சுமந்தார்கள், அதிலிருந்து ஒன்றானார்கள்.

தாயிஃப்: முடித்து வைத்ததும் முடிச்சுப் போட்டதும்

1989 அக்டோபரில் சவூதி நகரமான தாயிஃபில் லெபனான் உறுப்பினர்கள் கூடி ஒப்பந்தம் செய்தார்கள். (ஊர் பெயருக்கும் தாயிஃபாவுக்கும் சம்பந்தமில்லை, காதுக்குத்தான் ஒன்று.) 6-க்கு 5 போய் சரிபாதி வந்தது. பிரதமர் பதவிக்கு அதிகாரம் கூடியது. அரசியல் தாயிஃபிய்யாவைப் படிப்படியாக ஒழிப்பது தேசியக் குறிக்கோள் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அதே முன்னுரையில், பிரிவுகளின் கூட்டு வாழ்வு உடன்படிக்கைக்கு முரணான எந்த அதிகாரத்துக்கும் செல்லுபடி இல்லை என்றும் எழுதினார்கள்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இன்றைய குழப்பத்தின் விதை தெரியும். முதல் வாக்கியத்தின் ஒற்றுமை, பிரிவைக் கடந்த குடிமக்களின் ஒற்றுமை. இரண்டாவதன் ஒற்றுமை, பிரிவுத் தலைமைகளின் சம்மதம். எந்தப் பெரிய பிரிவாவது அமைச்சரவையை விட்டு எழுந்து போனால் அந்த அமைச்சரவையே செல்லாது என்று வாதாட இரண்டாவது வாக்கியம் இடம் கொடுக்கிறது. 2006 நவம்பரில் ஷியா அமைச்சர்கள் விலகியபோது இதைத்தான் சொன்னார்கள். அவர்கள் தரப்பு ஆதரவாளர்கள் பெய்ரூட் நடுவில் 2008 மே வரை கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் திரும்பக் கேட்டதும் இதே வாதம்.

தாயிஃபில் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை?

1. அடையாள அட்டையிலிருந்து பிரிவு நீங்கியது. குடும்பப் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது.
2. ஆயுதப்படைகள் 1991-ல் கலைக்கப்பட்டன. இஸ்ரேல் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் படை என்ற பெயரில் ஹிஸ்புல்லா மட்டும் விலக்குப் பெற்றது.
3. ராணுவம் உண்மையாகவே மாறியது. போர்க்காலத்தில் ஒவ்வொரு பிரிகேடும் ஏறத்தாழ ஒரே பிரிவினரைக் கொண்டிருந்தது. தளபதி எமில் லஹூத் ஆட்களைக் கலைத்துப் போட்டு எல்லாவற்றையும் கலப்புப் படையாக்கினார். இன்று மிச்சமிருக்கும் பொது நிறுவனங்களில் மக்கள் கொஞ்சமாவது நம்புவது ராணுவத்தைத்தான்.
4. தாயிஃபிய்யாவை ஒழிக்கும் தேசியக் குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை.
5. நாடு முழுக்க ஒரே வரலாற்றுப் பாடநூல் என்ற உறுதிமொழியும் நிறைவேறவில்லை. பள்ளிப் பாடம் 1940-களில் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பியதோடு நின்றுவிடும். அதற்கப்புறம் நடந்ததைப் பிள்ளைகள் அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

1991 ஆகஸ்டில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. நேற்றுவரை படை நடத்தியவர்கள் இன்று அமைச்சர்கள். ‘வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை’ என்பது 1958 கலவரத்தை முடித்த காலத்திலிருந்தே அங்கே புழங்கும் வாசகம். கேட்க நன்றாக இருக்கும். குற்றவாளியும் இல்லை என்பது அதன் சொல்லாத மிச்சம்.

காட்டுத் தீயும் காவலர் பட்டியலும்

2019 அக்டோபர் நடுவில் லெபனான் மலைக்காடுகள் பற்றி எரிந்தன. அணைக்க வாங்கிய மூன்று ஹெலிகாப்டர்கள் பராமரிப்பு இல்லாமல் நின்றிருந்தன. வனக்காவலர் வேலைக்குத் தேர்வெழுதித் தேறியவர்கள் வருடக்கணக்கில் வேலையில் சேராமல் காத்திருந்தார்கள் என்பதும் அப்போது வெளியே வந்தது. தேறியவர்களில் முஸ்லிம்கள் அதிகம், கிறிஸ்தவர்கள் குறைவு, சமநிலை கெடும் என்று நியமன உத்தரவில் கையெழுத்து விழவில்லை. பங்கீடு உயர்பதவிகளுக்கு மட்டும்தான் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. மரத்துக்குக் காவல் நிற்பவர் வரைக்கும் அது இறங்கியிருந்தது.

சில நாளில், அக்டோபர் 17 அன்று, வாட்ஸ்அப் அழைப்புக்கு வரி என்று அறிவித்தார்கள். அன்றிரவே மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கோஷம், ‘குல்லுன் யஃனி குல்லுன்’: எல்லோரும் என்றால் எல்லோரும்தான். எங்கள் ஸயீமை மட்டும் விட்டுவிடு என்ற பேச்சு வேண்டாம் என்று பொருள். அக்டோபர் 27 அன்று வடக்கே திரிப்போலியிலிருந்து தெற்கே சூர் வரை 170 கிலோமீட்டருக்குக் கைகோத்து நின்றார்கள். அதற்கு ஐந்தாண்டுக்கு முன்புவரை சுன்னிகளின் பாப் அத்தப்பானே பகுதியும் அலவிகளின் ஜபல் மொஹ்சன் பகுதியும் ஒரே தெருவுக்கு எதிரெதிராக நின்று சுட்டுக்கொண்ட ஊர் திரிப்போலி. அதற்கு அப்போது ‘புரட்சியின் மணப்பெண்’ என்று பெயர் வந்தது.

நவம்பர் இறுதியில் ஒருநாள் இரவு, அய்ன் அர்ரும்மானே இளைஞர்களும் பக்கத்து ஷியா பகுதியான ஷியாஹ் இளைஞர்களும் கல்லெறிந்து மோதிக்கொண்டார்கள். 1975-ல் பேருந்து நின்ற அதே பகுதி. மறுநாள் இரண்டு பக்கத்துத் தாய்மார்களும் பூவும் கொடியுமாக நடந்துவந்து எல்லையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படங்களை உலகம் முழுக்கப் பகிர்ந்தார்கள். 2021 அக்டோபர் 14 அன்று, 2020-இன் பெய்ரூட் துறைமுக வெடிப்பை விசாரித்த நீதிபதிக்கு எதிரான ஊர்வலத்தின்போது, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தையூனேயில் துப்பாக்கிச் சண்டை நடந்து 7 பேர் செத்தார்கள்.

ஆகவே ஆயுதம் பற்றிய இன்றைய வாதத்தைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: இவர் சொல்லும் ஒற்றுமைக்கு யாருடைய சம்மதம் வேண்டும்? தலைவர்களின் சம்மதம் என்றால் அது 1943-இன் பொருள். அது போரைத் தள்ளிப்போடும். சிபாரிசு முறையைக் கட்டிக்காக்கும். குடிமக்களின் சம்மதம் என்றால் அதற்குத் தேர்தல் சட்டமும் பொதுத் திருமணச் சட்டமும் மாற வேண்டும், அதைப் பற்றி அரசுத் தரப்பும் அதிகம் பேசுவதில்லை. ஆயுதத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பங்கீட்டை அப்படியே வைத்தால், பயந்துபோன பிரிவு அடுத்த காவலனைத் தேடும் என்பதற்கு பால்பெக் முகாம் ஒரு சாட்சி.

ஒரு சாய்வுக்கோடு

2009-ல் உள்துறை அமைச்சராக இருந்த ஸியாத் பாரூத் ஒரு சுற்றறிக்கை விட்டார். விரும்புபவர்கள் குடும்பப் பதிவேட்டிலிருந்து தங்கள் மதப்பிரிவை நீக்கிக்கொள்ளலாம். நீக்கினால் அந்தக் கட்டத்தில் ஒரு சாய்வுக்கோடு மட்டும் இருக்கும். அப்படி நீக்கிக்கொண்ட ஒரு ஜோடி, எந்தப் பிரிவையும் சேராதவர்களுக்குப் பொதுச்சட்டம் பொருந்தும் என்ற 1936-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்கால ஆணையைத் தூசிதட்டி எடுத்து, லெபனான் மண்ணிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டது. 2013-ல் அரசு அதைப் பதிவு செய்தது. அதே ஆண்டு பிறந்த அவர்கள் குழந்தையும் பிரிவு எழுதாமல் பதிவானது. பின்னால் வந்த அமைச்சர்கள் இப்படிப்பட்ட திருமணங்களைப் பதிவு செய்ய மறுத்தார்கள்.

அந்தக் குழந்தை வளர்ந்து வேட்புமனு வாங்கப் போனால், 128 இடங்களில் சாய்வுக்கோட்டுக்கென்று ஒன்றுகூட இல்லை.